இடப்பக்கம் இழுக்கும் வண்டி

ஏலாக்குறிச்சி,
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்பு மகன் ஆண்ட்ரூஸுக்கு அப்பா மிக்கேல் எழுதுவது.

மாதா புண்ணியத்தில் இங்கே யாருக்கும் காய்ச்சல் தலைவலி இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நீ கொடுத்தனுப்பிய தைலத்தைத் தேய்த்தால் தூங்குகிறாள். உன் மகள் ஆனி ரோஸ் வாய்ப்பாட்டுப் போட்டியில் பரிசு வாங்கினாள். லெப்பைக்குடிக்காடு அப்துல் சுக்கூர் விடுப்பு முடிந்து குவைத்துக்குத் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுக்கிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் உன் குரல் கொஞ்சம் உயர்ந்தாலே எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது. தாளில் என்றால் அடித்துத் திருத்தலாம்.

இங்கே நீ ஓட்டி, பிறகு மருமகள் ரீனாவிடம் விட்டுப்போன பிக்கப் வண்டியைப் பற்றித்தான். நீ அங்கே கம்பெனி வண்டி ஓட்டுகிறவன். நான் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன், சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்டியதில்லை. உனக்குப் போய் வண்டியைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

ரெட்டிபாளையம் பக்கத்தில் நடந்ததை உனக்கு டோமினிக் சித்தப்பா அங்கிருந்தே போனில் சொல்லியிருந்தார். ரீனா மக்காச்சோள மூட்டைகளோடு வந்தபோது எதிரே சுண்ணாம்புக்கல் லாரி ஏறி வந்திருக்கிறது. பிரேக்கை மிதித்ததும் வண்டி இடப்பக்கம் தாவிப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. "ஓட்டத் தெரியாதவ கையில குடுத்தது என் புத்திதான், வித்துத் தொலைங்க" என்று நீ சொன்னாய். அன்றே அவள் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். அதன்பிறகு லோடுக்கு விக்கிரமங்கலத்திலிருந்து போன் வந்தால் எடுப்பதில்லை. சமைக்கிறாள், துவைக்கிறாள், பிள்ளையைப் படிக்கவைக்கிறாள். கேட்டதற்கு மட்டும் பதில்.

விற்பதானாலும் குறை என்னவென்று சொல்லி விற்பதுதானே முறை என்று நினைத்தேன். அப்போது நானும் அவள் கையில்தான் குறை என்று பாதி நம்பினேன்.

அரியலூர் மெக்கானிக் வீரமுத்துவை வரச்சொல்லி, வண்டியை அவன் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டுபோகச் சொன்னேன். ஸ்டியரிங் இரண்டு விதமாகத் தொந்தரவு கொடுத்தது. நேர் ரோட்டிலும் அங்குமிங்கும் அலைந்தது ஒன்று. பிடியைத் தளர்த்தினால் இடப்பக்கம் இழுத்தது இன்னொன்று. இரண்டும் ஒரே நோயா, வேறுவேறா என்று தெரியாததால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கலாம் என்றேன். முதலில் காற்று. நான்கு டயரிலும் சரிபார்த்தோம், இழுப்பு போகவில்லை. பிறகு முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டோம். டயரில் குறை என்றால் இழுப்பும் வலப்பக்கம் மாற வேண்டும் அல்லவா? மாறவில்லை. ஒருவேளை ரோடுதான் இடப்பக்கம் சரிந்திருக்கிறதோ என்று சந்தேகம் வந்தது. ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் வலது ஓரமாகவும் ஓட்டச் சொன்னேன். அங்கேயும் இடப்பக்கம்தான். பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தோம், அதுவும் இல்லை. வீரமுத்து பொறுமைசாலிதான், ஆனாலும் "என்ன சார், வண்டிக்குப் பரிச்சை வெச்சிட்டீங்களா" என்று கேட்டுவிட்டான்.

பிறகு சக்கரத்தை ஆட்டிப் பார்த்தபோது ஸ்டியரிங் கம்பியின் மூட்டு ஒன்று தேய்ந்து ஆடியது. அதை மாற்றியதும் அலைவது நின்றது. எனக்குச் சந்தோஷம். ஆனால் இழுப்பு அப்படியே இருந்தது.

பெரம்பலூரில் கம்ப்யூட்டர் வைத்துச் சக்கரம் நேர் பார்க்கும் இடத்துக்கும் போனோம். அங்கிருந்தவர் "முன்னாடி எல்லாம் சுத்தமா இருக்கு பெரியவரே, ஓட்டறவங்கள மாத்திப் பாருங்க" என்று சிரித்தார். மரியாதைக்கு நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது ஏன் சிரித்தேன் என்று இருந்தது.

அவர் சொன்னதை ரீனாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவள் அரிசி களைவதை நிறுத்தவில்லை. "மூட்டைய வலப்பக்கம் ஒசத்தி அடுக்குனா நேரா போவும் மாமா. காலியா வர்றப்பதான் கை கடுக்கும்" என்றாள். நீ புறப்பட்டுப்போன நாளிலிருந்து அப்படித்தான் அடுக்கச் சொல்லி ஓட்டியிருக்கிறாள். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா பொம்பளைக்கு ஓட்டத் தெரியலம்பாங்க" என்றாள். ரெட்டிபாளையத்தில் இறங்கிய அன்று ஏற்றியவர்கள் புது ஆட்கள். இவள் எடைபோடும் இடத்தில் நின்ற நேரத்தில் மூட்டைகளைச் சமமாக அடுக்கிவிட்டிருக்கிறார்கள்.

இழுக்கிற வண்டியை மூட்டையால் இழுத்துப்பிடித்து ஓட்டியிருக்கிறாள். இது ஓட்டத் தெரியாதவள் செய்கிற காரியமா?

முன்பக்கம் சரி என்றால் பின்பக்கம் பார்க்க வேண்டும். பின் அச்சு கொஞ்சம் கோணலாக நின்றாலும் முன்சக்கரத்தைத்தான் சந்தேகப்படுவோம். வண்டியைக் களத்துச் சிமெண்ட் தரையில் நிறுத்தி, ஸ்டியரிங்கை நேராக வைத்து, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுச் சாக்பீஸால் புள்ளி வைத்தேன். முன் புள்ளிக்கும் பின் புள்ளிக்கும் இடையில் கயிறு பிடித்து அளந்தோம். மறுமுனையை ரீனாதான் பிடித்தாள். இடப்பக்கம் இரண்டு விரல்கடை குறைந்தது. எனக்கு என் அளவின் மேல் நம்பிக்கை வரவில்லை. வீரமுத்துவிடம் வண்டியைத் திருப்பி நிறுத்தச் சொல்லி மறுபடி அளந்தேன். அதே இரண்டு விரல்கடை. பின் அச்சின் இடது முனை முன்னால் நகர்ந்திருந்தது.

பட்டறைக்கு ரீனாவும் கூட வந்தாள். வீரமுத்து பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளைப் பிரித்தான். பட்டைகளையும் அச்சையும் இடம் மாறாமல் நிறுத்தும் நடு போல்ட் இரண்டாக முறிந்து கிடந்தது. மேலே சுற்றியிருந்த இறுக்கிகள் மட்டும்தான் இத்தனை நாளும் அச்சைப் பிடித்துக்கொண்டிருந்தன. "ஒரு பிரேக்குல மொத்தமா நழுவியிருந்தா..." என்று தொடங்கியவன் ரீனாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பிறகு முறிந்த துண்டை என்னிடம் காட்டி, "இது இப்ப ஒடைஞ்சது இல்ல சார், ஒடைஞ்ச வாயில துரு ஏறிக் கெடக்கு. பள்ளத்துல எறங்குனதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. முன்னாடி எங்கயோ பலமா மோதியிருக்கு" என்றான்.

முன்னாடி என்றால் அவள் ஓட்டத் தொடங்குவதற்கு முன்னாடி.

நான் ரீனாவைப் பார்த்தேன். அவள் ஆச்சரியப்படவில்லை, ஆண்ட்ரூஸ். "அதெல்லாம் இப்ப எதுக்கு மாமா, போல்ட்ட மாத்தச் சொல்லுங்க" என்றாள். வெளியே வந்த பிறகு, "அவருக்கு எழுதிடாதீங்க, அங்க தனியா கெடக்குறாரு" என்றாள்.

நீ வெளிநாடு போவதற்கு முந்தின வாரம் புருவத்தில் தையலோடு வந்தாய். கதவு இடித்தது என்றாய். நான் அப்போதும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த கணக்கெல்லாம் சாக்பீஸ் புள்ளியோடு முடிகிறது. அதற்கு மேல் நான் ஊகித்தால் அது தப்பாகவும் இருக்கலாம். தப்பாக இருக்க வேண்டும் என்றுதான் இன்று பூசையிலும் வேண்டிக்கொண்டேன்.

நீ சொல்லிவிட்டதாக எறையூரிலிருந்து ஒருவர் வண்டியைப் பார்க்க வந்தார். "விக்கிறதுக்கு இல்லீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்தது. அவர் இரண்டு தரம் கேட்டார், இரண்டு தரமும் அதையே சொன்னேன். கோபம் வந்தால் என்மேல் வரட்டும்.

புது போல்ட் போட்டு அளந்ததில் இரண்டு பக்கமும் சரியாக இருக்கிறது. நேற்று அம்மா சாவியை ரீனாவிடம் நீட்டியபோது அவள் கொஞ்ச நேரம் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். பிறகு வாங்கிக்கொண்டு விக்கிரமங்கலம் போனாள், நானும் கூட ஏறிக்கொண்டேன். பழக்கத்தில் மூட்டையை வலப்பக்கம் அடுக்கச் சொல்லிவிட்டாள். கிளம்பியதும் வண்டி வலப்பக்கம் இழுத்தது. திரும்பி வந்து மாற்றச் சொன்னதும் ஏற்றுகிறவர்கள், "ஏன்க்கா, ஒரு முடிவுக்கு வாங்க, எங்க இடுப்பு என்னாவறது" என்று கேலி செய்தார்கள். அவள் சிரித்துவிட்டாள். பெரம்பலூர் வரை நேராகப் போனோம். வழியில் போன் அடித்தபோதெல்லாம் ஓரமாக நிறுத்தி யார் என்று பார்த்தாள். நீ இல்லை.

ஒன்று உனக்குத் தெரியுமோ தெரியாதோ. அன்று நீ பேசியபோது டோமினிக் சித்தப்பா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். பள்ளத்திலிருந்து வண்டியைத் தூக்க வந்தவர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். அவள் சிந்திய சோளத்தை அள்ளிக்கொண்டே கேட்டாள்.

அவள் வேண்டாம் என்று சொல்லியும் எழுதிவிட்டேன். சரியா தப்பா தெரியவில்லை. உன்னை நான் எதுவும் கேட்க மாட்டேன், என்னிடம் நீ எதுவும் சொல்ல வேண்டாம். அவளைக் கூப்பிடு. வண்டியைப் பற்றி முதலில் கேட்காதே. அன்று அடி ஏதும் பட்டதா என்று இதுவரை அவளிடம் யாரும் கேட்கவில்லை மகனே. நானும் கேட்கவில்லை. நான் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள்.

அடைக்கல மாதா உன்னைக் காக்கட்டும். ரோட்டில் பார்த்துப் போ.

உன் அப்பா,
மிக்கேல்