இரண்டு எலும்புக்கு நடுவில் இருந்த இடைவெளி

அன்பு மகள் சிட்டுவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இருக்கிற உடம்பை வைத்துச் சமாளித்துக்கொண்டிருக்கிறோம், நீ அங்கே முழு உடம்போடு இருக்கிறாய் என்று தெரிந்தால்தான் எங்களுக்குச் சாப்பாடு இறங்கும். போன் இருக்கும்போது அப்பா எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தார் என்று நீ சிரிப்பாய். சிரி, ஆனால் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுச் சிரி. போன வாரம் மூன்று தடவை உனக்குப் போன் செய்தேன். முதல் தடவை அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். இரண்டாவது தடவை அம்மா பக்கத்தில் இருக்கிறாள் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். மூன்றாவது தடவை எப்படியோ வாயைத் திறந்து, உடனே போய் ஒரு எலும்பு டாக்டரைப் பார் என்று சொன்னேன், அதற்கு நீ, "அதான் நீங்களே எக்ஸ்ரே பாத்துட்டீங்களேப்பா, அதுக்கு மேல டாக்டர் என்னத்தப் பாக்கப் போறாங்க" என்று சிரித்துவிட்டு, மேஸ்திரி கூப்பிடுகிறார் என்று வைத்துவிட்டாய். அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலையிலும் மனசு நிற்கவில்லை. போனில் உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்தது உள்ளேயே போய்விடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

வீட்டுச் செய்தி கொஞ்சம்தான். உன் அண்ணன் பிள்ளை நடக்கப் பழகிவிட்டான், மேசை விளிம்பைப் பிடித்தபடி வீடு முழுக்கச் சுற்றி வந்து, எட்டுகிற பொருளையெல்லாம் இழுத்துப் போடுகிறான். அம்மா வழக்கம்போல நூலகத்துக்குப் போய்க் கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை ஒட்டிவிட்டு வருகிறாள், வந்ததும் என்னைத் திட்டுகிறாள், திட்டி முடித்ததும் தைலம் தேய்த்துவிடுகிறாள். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, அதை மாற்ற நான் குனிய முடியாது. முடியாது என்று நான் எழுதியதைப் பார்த்ததுமே உனக்கு ஏதோ புரிந்திருக்கும். போன மாதம் ஒரு கண் ஆஸ்பத்திரியில், நோயாளிகள் காத்திருக்கும் கூடத்துக்குக் கல் பதித்துக்கொண்டிருந்தோம். கதவோரம் கடைசி வரிசை, இரண்டே கல் பாக்கி. தரை மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு எழுந்திருக்கப் போனேன், வலது முட்டி வரமாட்டேன் என்றது. உட்காரவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை, நாலு கால் பிராணி மாதிரி அப்படியே நின்றேன். சாந்து குழைக்கிறவரும் பெயின்டரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினார்கள். பெயின்டர், "என்ன பெரியவரே, கல்லோட சேத்து உங்களையும் ஒட்டிக்கிட்டீங்களா" என்றார், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது சிரிப்பினால் இல்லை.

உன் அண்ணன்தான் வம்படியாக ஒரு எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டரம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும், ஆனால் கறார் பேர்வழி. ஒன்றரை வருடம் முன்னால் இடது முட்டி வீங்கியபோது நானே போய் இரண்டு காலுக்கும் எக்ஸ்ரே எடுத்தேனே, அந்தப் படத்தையும் எடுத்துப் போயிருந்தேன். அப்போது அதை எந்த டாக்டரிடமும் காட்டவில்லை என்பது உனக்குத் தெரியும். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நானே பார்த்தேன். இடது முட்டியில் மேல் எலும்புக்கும் கீழ் எலும்புக்கும் நடுவே விரல் நுழைகிற மாதிரி ஓர் இடைவெளி. வலது முட்டியில் ஒரு பக்கம் எலும்பும் எலும்பும் உரசினாற்போல உட்கார்ந்திருந்தன. முப்பது வருடமாகக் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நகம் நுழையக் கூடாது என்று வேலை செய்தவன் கண்ணுக்கு என்ன தோன்றும் சொல். இடது கால் பிடிப்பு விட்டிருக்கிறது, வலது கால் கச்சிதமாகப் பொருந்தியிருக்கிறது என்று முடிவு கட்டினேன். அன்றிலிருந்து இடது முட்டியைத் தரையில் வைப்பதே இல்லை, முழு பாரமும் வலது முட்டியில்தான்.

டாக்டரம்மா படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்துவிட்டு, "வேலை செய்யும்போது எந்தக் கால்ல முட்டி போடுவீங்க" என்று கேட்டார். வலது காலில் என்று பெருமையாகச் சொல்லி, காரணத்தையும் விளக்கினேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு, "ஐயா, எக்ஸ்ரேல எலும்பு மட்டும்தான் தெரியும், குருத்தெலும்பு தெரியாது. நீங்க பாத்த அந்த இடைவெளி காலி இல்ல, அங்கதான் அது இருக்கு. இடைவெளி இருக்கிற காலுதான் நல்ல கால்" என்றார். நாம் சவ்வு தேய்ந்துவிட்டது என்று சொல்கிறோமே, அதுதான் அவர் சொன்ன குருத்தெலும்பு. எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. உங்கள் காது மடலை மடக்கிப் பாருங்கள் என்றார், மடக்கினேன், விட்டதும் பழையபடி நின்றது. மூக்கு நுனியை அசைக்கச் சொன்னார். எலும்பு மாதிரி விறைப்பும் இல்லை, சதை மாதிரி தொளதொளப்பும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. மூச்சுக்குழாய் அமுங்கிப்போகாமல் வளையம் வளையமாகப் பிடித்து நிற்பதும் அதுதானாம், மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகள் விரிவதற்கு முன்பக்கம் இணைப்பாக இருப்பதும் அதுதானாம். முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவிலும் அதில் முரட்டு வகை ஒன்று வட்டு வட்டாக இருக்கிறதாம். முட்டியில் இரண்டு எலும்பின் தலையிலும் கண்ணாடி மாதிரி வழவழப்பாக ஒரு பூச்சு, நடுவே பிறை வடிவில் இரண்டு மெத்தை. எலும்போடு எலும்பு உரசாமல் வழுக்கிக்கொண்டு போவது அதனால்தான், நாம் குதித்தாலும் மூட்டை தூக்கினாலும் பாரத்தைப் பிரித்து வாங்கிக்கொள்வதும் அதுதான்.

தேய்ந்த கல்லைப் பெயர்த்துவிட்டு வேறு கல் பதிக்கிற மாதிரி ஏதாவது செய்ய முடியாதா என்று கேட்டேன். அதற்கு ரத்தக் குழாயே கிடையாதாம் சிட்டு, அதனால் ஒரு தடவை தேய்ந்தால் தானாக வளர்ந்து பழையபடி ஆகாதாம். அதற்குச் சாப்பாடு மூட்டுக்குள் இருக்கிற நீரிலிருந்துதான். காலை மடக்கி நீட்டி நடக்கும்போது ஸ்பாஞ்சு மாதிரி அமுங்கி விரிந்து அந்த நீரைக் குடிக்குமாம். நான் மணிக்கணக்கில் ஒரே முட்டியில் ஏறி உட்கார்ந்து அதைக் குடிக்கவிடாமல் பிழிந்துகொண்டே இருந்திருக்கிறேன். இன்னொன்று சொன்னார், அதைத்தான் நீ நன்றாகக் கேட்க வேண்டும். அதற்கு நரம்பும் கிடையாது. தேயும்போது அது வலி என்று ஒரு வார்த்தை சொல்லாது. வலி தெரிகிற நேரத்தில் அதில் பாதி போயிருக்கும். போன மாதம் ஒரு வாரம் உன் முட்டி வீங்கிப் பிறகு வலியே இல்லை, நம்ம வம்சத்து முட்டி என்று நீ சொன்னாயே, அன்று நானும் ஆமாம் என்று சிரித்தேன்.

இனி நான் எழுத வேண்டியதை எழுதுகிறேன். என்னை மாதிரியே கல் பதிக்கிற நீ, மூன்று மாதத்துக்கு முன்னால் உன் முட்டிப் படத்தை எனக்குப் போனில் அனுப்பினாய். டாக்டரிடம் காட்ட நேரமில்லை, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள் என்றாய். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிய நிபுணன் மாதிரி பார்த்துவிட்டு, உன் வலது கால் கச்சிதம், இடதுதான் தளர்ந்திருக்கிறது, வலது முட்டியிலேயே வேலை பார், டாக்டரெல்லாம் வேண்டாம் என்று சொன்னேன். அது தப்பு, சிட்டு. என் காலில் செய்த அதே தப்பை உன் காலிலும் செய்துவிட்டேன். எனக்கு அறுபது ஆகப் போகிறது, என் முட்டி எக்கேடு கெட்டாலும் போகட்டும், உனக்கு இருபத்தொன்பது. அந்தப் படத்தை டாக்டரம்மாவிடம் காட்டினேன். "போன்ல பாத்து முழுசா சொல்ல முடியாது, ஆனா வலதுல இடைவெளி குறைய ஆரம்பிச்ச மாதிரிதான் தெரியுது. இன்னும் நிறைய மிச்சம் இருக்கு. நேர்ல காட்டி ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்க, அதுவரைக்கும் அந்த முட்டியைத் தரையில வைக்கவே கூடாது" என்றார். இன்னும் நிறைய மிச்சம் இருக்கு என்றாரே, அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இதோடு முடியவில்லை. உன் முதல் சம்பளத்தில் முட்டிக்குக் கட்டுகிற மெத்தை இரண்டு ஜோடி வாங்கி வந்தாயே, உனக்கொன்று எனக்கொன்று. நான் என்னுடையதை ஆணியில் மாட்டினேன். உன்னுடையதைப் பார்த்து, இதைக் கட்டிக்கொண்டு போனால் பொம்பளைக்கு மெத்தை கேக்குதான்னு பசங்க சிரிப்பாங்க என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். நீ அதை எடுத்துப் பைக்குள் வைத்தாய், அதற்குப் பிறகு அதை நான் பார்க்கவே இல்லை. நீ அங்கே போகும்போது என் பழைய கூட்டாளியான உன் மேஸ்திரியிடம், என் பொண்ணு மெத்தையெல்லாம் கேக்க மாட்டா, ஆம்பளைக்குச் சமமா நிப்பா என்று பீற்றிக்கொண்டேன். நேற்று அவருக்குப் போன் செய்தேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா, "யோவ், இங்க எல்லாருக்கும் கம்பெனியே மெத்தை குடுக்குது, நானே அஞ்சு வருஷமா கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். நீ சொன்னியேன்னுதான் உன் பொண்ணுக்கு மட்டும் குடுக்கல, அவளும் கேக்கல" என்றார். அத்தனை பேர் மெத்தை கட்டிக்கொண்டு வேலை செய்யும் கூடத்தில் நீ ஒருத்தி மட்டும் வெறும் முட்டியோடு இருந்திருக்கிறாய், எனக்கு மரியாதை கொடுப்பதற்காக. போனை வைத்துவிட்டு வெகுநேரம் குளியலறையில் உட்கார்ந்திருந்தேன். குழாயைப் பார்க்கிறேன் என்று அம்மாவிடம் பொய் சொன்னேன்.

மேஸ்திரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஸ்கேன் முடிவு வரும்வரை நின்றபடி செய்கிற வேலை, சுவருக்குக் கல் ஒட்டுவது, அளந்து வெட்டிக் கொடுப்பது, இதில்தான் உன்னை விடுவார். பிறகு டாக்டர் தரை வேலைக்குப் போகலாம் என்று சொன்னால் மட்டும், மெத்தையைக் கட்டிக்கொண்டு, அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து பத்தடி நடந்துவிட்டு உட்கார். மெத்தை கட்டிவிட்டால் ஒன்றும் ஆகாது என்று நினைத்துவிடாதே, அது பாரத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். நம் பக்கத்திலிருந்து முதலில் சிரித்தது நான்தான், அதற்கு மேல் யார் சிரித்தாலும் உனக்குப் பெரிதாக வலிக்காது.

அம்மா இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. உனக்குத் தன் ஆசியைச் சேர்த்து எழுதச் சொன்னாள். நீ நெடுநாள் நடந்து, ஓடி, ஏறி, இறங்கி, யார் கையையும் பிடிக்காமல் எழுந்து நிற்க வேண்டும் என்று இரண்டு பேரும் வேண்டிக்கொள்கிறோம். மறக்காமல் இந்த வாரமே லீவு போட்டு டாக்டரைப் பார். அவர் நான் சொன்னதற்கு நேர்மாறாக என்ன சொன்னாலும் அதையே கேள். சின்ன வயதிலிருந்து அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கேட்டே வளர்ந்த பிள்ளை நீ. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் என் பேச்சைக் கேட்காதே, கண்ணு.

உன் படத்தைத் தப்பாகப் பார்த்துச் சொன்ன,
உன் அப்பா