எட்டாவது கேள்வி

ஆகுர்டி
9 ஜூன் 2025

அன்புள்ள சரசாவுக்கு,

நேற்று கராடி பெண்கள் விடுதி ஆபீஸ் அறையில் இருந்தவர்கள்: கமிட்டித் தலைவர் பத்மநாபன் சார், டாக்டர் ஸ்நேஹா மேடம், செயலாளராக நீ, வார்டன் வேலைக்கு இன்டர்வியூ வந்த நான். சுவரில் கணபதி. அவரையும் சேர்த்து ஐந்து பேர். உனக்குத் தெரியாததில்லை. ஆனால் நான் பேசி முடித்தபின் நீ தலை நிமிரவில்லை, போனையும் எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஏழு கேள்விக்கும் நன்றாகவே சொன்னேன். ஒரே அடுப்புக்காக, முட்டை பொரிக்கிற பெண்ணும் ஏகாதசி விரதக்காரியும் சண்டை போட்டால் என்ன செய்வீர்கள் என்று நீ கேட்டாய். தனி அடுப்பு, தனி வாணலி, அதுவும் சண்டை வருவதற்கு முன்பே என்றேன். டாக்டர் மேடம் "க்யா பாத் ஹை" என்றார். அந்தப் பாராட்டுதான் குத்தியது. முந்தின நாளே நீ போனில் சொல்லிவிட்ட கேள்வி அல்லவா அது.

எட்டாவதாகத் தலைவர், கடைசியாக ஏதாவது சொல்ல வேண்டுமா என்றார். நீ சொல்லிக்கொடுத்தபடி எழுந்து கை கூப்பினேன். விடுதியை என் வீடாகப் பார்த்துக்கொள்வேன் என்கிற வரியை நாலு நாள் பூஜை அறையில் சொல்லிப் பார்த்திருந்தேன். கூப்பிய கையோடு அது வரவில்லை.

"முட்டைக் கேள்வி எனக்கு முன்பே தெரியும் சார். அதற்கு மார்க் போடாதீர்கள்."

உன் பெயரைச் சொல்லவில்லை.

வைஜயந்தி


பாணேர்
12 ஜூன்

வைஜு,

போனை எடுத்தால் கத்திவிடுவேன். அதனால் நானும் எழுதுகிறேன்.

பெயரைச் சொல்லவில்லையாம். மூன்று பேரில் அந்தக் கேள்வியைக் கேட்டவள் நான் ஒருத்திதானே, பெயர் வேறு சொல்ல வேண்டுமா?

உன் வீட்டுக்காரருக்கு கம்பெனியில் வேலை போனதிலிருந்து நீ என்னிடம் அழாத வாரம் இல்லை. அதற்காகத்தான் செய்தேன். பதினோரு வருஷம் செயலாளர். நேற்று பத்மநாபன் சார் டீ கொடுத்து உட்காரவைத்து, ராஜினாமா கேட்டார். எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உன் சாமிக்கு முன்னால் நீ சுத்தம். சந்தோஷமாக இரு.

சரசா


ஆகுர்டி
17 ஜூன்

அன்புள்ள சரசா,

வேலை எனக்கே கிடைத்துவிட்டது. கடைசியில் சொன்ன வார்த்தைதான் காரணம் என்று தலைவர் எழுதியிருக்கிறார்.

வேண்டாம் என்று எழுதிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மனசு வரவில்லை. ஐம்பத்தொரு வயதில் என் பெயருக்கு வந்த முதல் வேலை. இதையும் உன்னிடம் மறைக்க மாட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அன்று போனில் "சொல்லாதே சரசா" என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. ஆசையோடு கேட்டுக்கொண்டேன். நான் சுத்தம் என்று எழுதியிருந்தாயே, அதை மட்டும் அடித்துவிடு.

ஒன்றாம் தேதி சேர வேண்டும். விடுதிச் சாவிக்கொத்து இன்னும் உன்னிடம் இருக்கிறதாம். ஆள் அனுப்பி வாங்கிக்கொள்கிறோம் என்றார் தலைவர். வேண்டாம், நானே போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

என்றைக்கு வரட்டும்? சீக்கிரம் பதில் போடு.

வைஜயந்தி