“பிறகு?” என்று கேட்டவருக்கு

அங்கிள்,

குளிர் தொடங்கிவிட்டது என்று நேற்று அலுமாரியிலிருந்து சாம்பல் நிறச் சுவெற்றரை எடுத்தேன். அதன் வலது கையில் அந்தக் கறுப்பு மை அப்படியே இருக்கிறது. உங்கள் மேசையைத் துடைக்கப் போய்ப் பட்டது. எத்தனை தரம் தோய்த்தும் போகவில்லை. அதைக் கண்டதும் உங்களுக்கு எழுத வேண்டும் போலிருந்தது. நான் நாலாம் வகுப்போடு நின்றவள், பிழை இருக்கும். உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதனால் வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

ரொறன்ரோவில், வெக்ஸ்போர்டில் உங்கள் வீட்டைத் துப்புரவாக்க வந்த முதல் நாள் நினைவிருக்கிறதா? நீங்கள் பிரான்சில் படக்கதை போட்டவர், மகளுக்குக் கிட்ட இருக்கவென்று இங்கே வந்தவர் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். நிலம் முழுக்கக் கடதாசி. எல்லாவற்றையும் பொறுக்கி, அழகாக அடுக்கி, மேசையில் வைத்துவிட்டுக் கூட்டத் தொடங்கினேன். குளித்துவிட்டு வந்த நீங்கள் தலையில் கை வைத்தீர்கள். ஒரு கடதாசியிலும் பக்க இலக்கம் இல்லை. வேலை போச்சு என்று நினைத்தேன்.

நீங்கள் ஒவ்வொன்றாகப் புரட்டினீர்கள். பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றும் ஒரு வாத்தின் கதை. நான் அடுக்கிய அடுக்கில் வாத்து முதலில் வீடு திரும்பியது, அதற்குப் பிறகுதான் புறப்பட்டது. திடீரென்று விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

“மேடம், நான் வைத்ததை விட இது நன்றாக இருக்கிறதே!”

அந்த அடுக்கையே வைத்துக்கொண்டீர்கள்.

அடுத்த கட்டத்துப் படத்தில் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியாது. “தெரிந்தால் வரைய அலுப்பாக இருக்கும்” என்பீர்கள். பெட்டிக்குள் என்ன என்று கேட்டால், “வாத்து இன்னும் எனக்குச் சொல்லவில்லை” என்பீர்கள். என்னிடம் ஒரே ஒரு தமிழ்ச் சொல் கேட்டுப் படித்தீர்கள். நான் ஜன்னல் துடைத்துக்கொண்டு நிற்க, பேனாவைத் தூக்கிப் பிடித்து, “பிறகூ?” என்று இழுப்பீர்கள். “வாத்து பக்கத்து வீட்டிலை உப்புக் கேட்டுப் போகும்” என்று என் உடைந்த இங்கிலீசில் சொல்வேன். உங்கள் படத்தில் வாத்து போய்ச் சந்திரனின் கதவைத் தட்டும்.

தங்கச்சி என்னை நக்கலடிப்பாள்.

“அக்கா, உந்தப் பிரெஞ்சுக்காரக் கிழவனுக்கு நீ கதை சொல்லுறியோ? முதல்லை உன்ரை கதையை லோயருக்கு ஒழுங்காச் சொல்லு!”

அவள் சொன்னதும் சரிதான். என் அகதி வழக்கு விசாரணை நெருங்கிக்கொண்டிருந்தது. ஊரில் என் கணவரைப் பிடித்துக்கொண்டு போன அந்தக் காலையை நான் சொல்ல வேண்டும். அதை நம்பாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். லோயர் எழுதித் தந்ததைப் பாடமாக்கினேன். வாய் திறந்தால் திகதி மாறியது, முன்னது பின்னால் போனது. “மாத்தி மாத்திச் சொன்னால் பொய் எண்டு நினைப்பினம் பிள்ளை” என்று மொழிபெயர்க்கிற அண்ணை பயந்தார்.

ஒருநாள் உங்கள் அடுப்பைத் துடைத்தபடியே அழுதுவிட்டேன். என்னவென்று கேட்டீர்கள், சொன்னேன். வழக்கம்போலப் பேனாவை எடுத்தீர்கள். பிறகு அதை மூடி, மேசையில் வைத்தீர்கள்.

“வாத்தை நான் எங்கேயும் அனுப்பலாம். இதில் நான் ஒரு கோடும் போடக் கூடாது. இது உங்களுக்கு நடந்தது. திகதியை விடுங்கள். அந்தக் காலையின் முதல் கட்டத்தில் என்ன தெரிகிறது?”

கண்ணை மூடினேன். கொடியில் அவருடைய நீலச் சட்டை. ஈரம் காயவில்லை.

“பிறகு?” என்றீர்கள். அந்த ஒருமுறை இழுக்காமல் கேட்டீர்கள்.

விசாரணை அறையில் பாடமாக்கியது முழுக்க மறந்துபோனது. கண்ணை மூடி அந்த நீலச் சட்டையைத் தேடினேன். இருந்தது. அதற்கு அடுத்தது வாசல் படலை திறந்த சத்தம். அதற்கு அடுத்தது அவர் செருப்புப் போடாமல் போனது. ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தது, நடந்தது நடந்தபடியே. என்னை நம்பினார்கள்.

ரவைக் கேசரியோடு உங்களிடம் ஓடி வந்தேன். நீங்கள் வாழ்த்தொன்றும் சொல்லவில்லை. உட்கார்ந்து, பேனாவை எடுத்து, வாத்துக்கு ஒரு வீடு கீறினீர்கள். அந்த வீட்டுச் சமையலறை ஜன்னலில் நான் நின்றேன், கையில் துடைக்கிற துணியோடு.

போன மாசியில் நீங்கள் இந்த உலகத்தை விட்டுப் போய்விட்டீர்கள். வாத்தின் பெட்டி திறக்கவேயில்லை. உங்கள் மகள் என்னிடம் கேட்டாள், அதற்குள் என்ன இருந்ததாம் என்று. அப்பா சொல்லவில்லை, வாத்து அவருக்கே சொல்லவில்லை என்றேன். இரண்டு பேரும் அழுதழுது சிரித்தோம்.

இப்போது அஜின்கோர்ட்டில் எங்கள் வீட்டுக்கு என்னைத் தேடிப் பெண்கள் வருகிறார்கள், விசாரணைக்கு நாள் குறித்த கடிதத்தோடு. போன கிழமை வந்தவள் கடிதத்தை நீட்டினாள். “எனக்கு ஒண்டும் ஒழுங்கா வருகுதில்லை அக்கா” என்றாள். கடிதத்தை வாங்கி ஒருபக்கம் வைத்தேன்.

“அதை விடும். அண்டைக்குக் காலமை முதல் என்ன கண்டனீர்?”

கண்ணை மூடினாள். “அடுப்பிலை பால் பொங்கினது” என்றாள்.

நான் ஒரு கோடும் போடவில்லை, அங்கிள். “பிறகு?” என்று மட்டும் கேட்டேன்.