எந்தப் பள்ளிக்கூடம்

அன்புள்ளவருக்கு,

நீங்கள் ஊருக்குப் போன பிறகு, அரசியல் அறிவியல் துறையில் இனிமேல் விடுப்பு தர முடியாது என்றார்கள். மறுபடியும் களப்பணிக்குப் போகிறேன். எந்த வீட்டுப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகிறது, ஏன் போகிறது என்கிற அதே ஆய்வுதான்.

நேற்று மண்ணூரில் மஞ்சுளா என்பவரைப் பார்த்தேன். ஒரகடத்தில் கம்பெனி வேலை. மகளை ஒன்றாம் வகுப்புக்கு அரசுப் பள்ளியில் சேர்ப்பதா, வேன் வரும் தனியார் பள்ளியிலா என்று அவருக்கும் கணவருக்கும் பேச்சே நின்றுவிட்டதாம். நம் வீட்டில் நடந்த அதே சண்டை. நான் பேனாவை மூடிவிட்டேன்.

“ஊரெல்லாம் கேட்டுகினு வரீங்களே மேடம், உங்க புள்ள எதுல படிக்குது?” என்றார்.

“கவர்மென்ட் ஸ்கூல்தான். ஒண்ணாவது படிக்கிறா.”

“நல்லா படிக்குதா?”

“நல்லா படிக்கிறா.”

“அப்ப நானும் அங்கியே சேத்துடறேன்” என்று சிரித்தார்.

வெளியே வந்து வண்டியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். போன ஐப்பசியில் ஆஸ்பத்திரியிலிருந்து நாம் இருவர் மட்டும் வீடு திரும்பினோம். இல்லையென்றால் இந்த ஜூனில் நம் பெண்ணும் ஒன்றாம் வகுப்புக்குப் போயிருப்பாள்.

எந்தப் பள்ளியென்றாலும் இப்போது எனக்குச் சம்மதம். நீங்கள் வீட்டுக்கு வாருங்கள்.

படப்பையிலிருந்து,
அவளுடைய அம்மா