கட்டுரையாளரின் விலாசம்

பினாங்கு,
1934 ஆகஸ்ட் 12.

என் அன்புக்குரிய கமால் நானாவுக்கு,

தங்கை ரொஸ்னா ஸலாம் கூறி எழுதுவது. இங்கே வாப்பா, உம்மா, ரோஹானா லாத்தா எல்லோரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். தீவு ஆஸ்பத்திரியில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் எழுத்துகள் சாய்ந்து சாய்ந்து இருந்தன. படகில் உட்கார்ந்து எழுதியிருப்பீர்கள் என்று உம்மாவிடம் சொன்னேன். உம்மா கடிதத்தை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

உங்கள் நண்டுக் கட்டுரை சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்திருக்கிறது. பயப்படாதீர்கள், வேண்டாம் என்று அனுப்பவில்லை. சஞ்சிகையின் முறைப்படி திருத்தி எழுதி மாதக் கடைசிக்குள் அனுப்பினால் இவ்வருட இதழில் போடுவார்களாம். தவறினால் அடுத்த வருடந்தான். அடுத்த வருடம் வரை வைத்திருக்க எனக்கு மனமில்லை, நானா.

அது வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். இங்கிலீஷ்காரர் பாணியில் உங்கள் பெயருக்குப் பின்னால் வாப்பா பெயரைச் சேர்த்து, கடை விலாசத்தையும் எழுதியிருந்தீர்கள் அல்லவா? சஞ்சிகை ஆசிரியர் அதைக் குடும்பப் பெயர் என்று நினைத்து, 'அன்புள்ள திரு. அலாவுதீன்' என்று தொடங்கிவிட்டார். வாப்பாவுக்கு வந்த வியாபாரக் கடிதம் என்று எண்ணி, கடையில் கணக்கெழுதும் கிராணி நல்லமுத்து அண்ணன் வாடிக்கைக்காரர்கள் நடுவிலே உரக்கப் படித்துத் தமிழில் சொன்னாராம். "ஒரு கை பெருத்த நண்டுகளை நீங்க பொறுமையா கவனிச்சது ரொம்பப் பாராட்டத்தக்கதுன்னு எழுதியிருக்காருங்க மொதலாளி. நீங்க எப்ப நண்டு பாக்கப் போனீங்க?" என்று கேட்டதும் கடையே சிரித்திருக்கிறது. வாப்பா மட்டும் சிரிக்கவில்லை. கடிதத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்கள். உங்களைப் படகில் ஏற்றிய நாளிலிருந்து உங்கள் பெயரைச் சொல்லாதவர்கள், அந்தக் கடிதத்தைச் சட்டைக்குச் சட்டை மாற்றி வைத்துக்கொண்டே திரிந்தார்கள். ஒரு மாலை என் புத்தகங்களின் மேல் அதை வைத்து, "இவரு கேக்குற மாதிரி சுத்தமா எழுதிக் குடு. கடை டைப் மெஷின எடுத்துக்க," என்று மட்டும் சொன்னார்கள்.

சஞ்சிகைக்காரர்கள் கேட்பது கொஞ்சமல்ல. தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அடிக்க வேண்டும். வரிக்கு வரி இடைவெளி, இடது பக்கம் அகலமான ஓரம், நண்டின் லத்தீன் பெயருக்கு மட்டும் அடிக்கோடு. அட்டவணைகள் தனித் தாளில், படங்கள் தடித்த அட்டையில் கறுப்பு மையால். "கப்பல் கம்பெனிக்குக்கூட நான் இவ்ளோ ஓரம் விட்டதில்லம்மா. நண்டுக்கு ஓடி வெளையாட எடமா?" என்று நல்லமுத்து அண்ணன் கேலி செய்தார். ஆனாலும் தினமும் கடை கட்டியபின் உட்கார்ந்து அடித்துத் தருகிறார். பழக்க தோஷத்தில் கட்டுரையின் கடைசியில் 'தங்கள் மேலான ஆர்டரை எதிர்நோக்கும்' என்று அடித்துவிட்டார். அந்தத் தாளை மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. தம்பி ரங்கூனில் வியாபாரத்தை விட்டுவிட்டு நண்டா பிடிக்கிறது என்றும் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். ஊரில் எல்லோருக்கும் நீங்கள் ரங்கூனில்தான் இருக்கிறீர்கள்.

படங்களை நான் வரைந்தேன். உடைந்துபோன பெரிய கை அதே பக்கத்தில் மெலிதாக மறுபடி முளைப்பதை நீங்கள் பென்சிலில் காட்டியிருந்தீர்கள். சில கோடுகள் எங்கே முடிகின்றன என்று தெரியவில்லை. பாசாரில் மீன்காரரிடம் கேட்டு ஒரு நண்டு வாங்கி வந்து வைத்துப் பார்த்தேன். அது வேறு இனம், இரண்டு கையும் ஒரே அளவு. ஆனாலும் மூட்டுகள் எப்படி மடங்கும் என்பது விளங்கியது. இதையெல்லாம் சொல்லிக்கொள்ள இங்கே யாரும் இல்லை. பள்ளியில் நண்டு என்றாலே மூக்கைப் பிடிக்கிறார்கள். போன மாதம் எங்களைக் கொடிமலை ரயிலில் அழைத்துப் போனார்கள். மேலேயிருந்து டீச்சர் தீவுகளைக் காட்டிப் பெயர் சொல்லச் சொன்னார். நீங்கள் இருக்கும் ஜெரஜாக்கைக் காட்டியபோது எல்லோரும் கத்திச் சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

எல்லாம் முடிந்தும் முதல் தாள் மட்டும் நின்றது. நண்டுகளைப் பார்த்த இடத்தைத் துல்லியமாகச் சொல்ல வேண்டும், 'பினாங்குக்கு அருகே ஒரு கடற்கரை' என்பது போதாது, பெயருக்குக் கீழே கட்டுரையாளர் வசிக்கும் விலாசம் வேண்டும் என்று ஆசிரியர் கேட்டிருக்கிறார். முழு விலாசம் என்றால் 'குஷ்டரோகிகள் குடியிருப்பு' என்று எழுத வேண்டும். லாத்தாவைப் பெண் கேட்டு வந்திருக்கும் யூசுப் என்பவர் பட்டர்வொர்த்தில் ஆங்கிலப் பள்ளி ஆசிரியர். அந்தச் சஞ்சிகை அவர் கண்ணில் படாது என்று சொல்ல முடியாது. நான் லாத்தாவிடமே கேட்டேன். "உள்ளத எழுது லா. நண்டு படிச்சிட்டு என்னை வேணாங்கிறவருக்கு நான் எதுக்கு?" என்றாள். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வாப்பா கடை விலாசத்தையே போடச் சொன்னார்கள். வாப்பாவை எதிர்த்துப் பேசியது எனக்கு இதுதான் முதல் தடவை. நம் கடை இருக்கும் பள்ளிவாசல் தெருவில் அந்த நண்டு இல்லையே, இடத்தைப் பொய்யாகச் சொன்னால் நானா கண்டது எல்லாமே பொய்யாகிவிடுமே என்றேன். வாப்பா எழுந்து போய்விட்டார்கள். மறுநாள் விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு வந்து, "தீவு பேரு மட்டும் போடு. கப்பல்ல வர்றவங்கள நிறுத்தி வைக்கிற கொரண்டைனும் அங்கதானே இருக்கு? படிக்கிறவன் அவன அங்க டாக்டருன்னு நெனச்சா நெனச்சுக்கட்டும்," என்றார்கள். அப்புறம் மெதுவாக, "பொய்யும் இல்ல," என்றார்கள்.

அந்தத் தாளை நல்லமுத்து அண்ணன் வீட்டுக்குப் போனபின் நானே ஒரு விரலால் அடித்தேன். கமால் அலாவுதீன், புலாவ் ஜெரஜாக், பினாங்கு. நேற்று ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியாயிற்று.

அனுப்பிய பிறகுதான் சஞ்சிகை ஆசிரியர் கடிதத்தின் கடைசி வரியைக் கவனித்துப் படித்தேன். அச்சுப்படியும், வெளிவந்த பின் கட்டுரையாளருக்கு உரிய பிரதிகளும், கட்டுரையில் கண்ட விலாசத்துக்கே அனுப்பப்படும் என்று இருக்கிறது. வாப்பாவிடம் சொன்னேன். "அப்ப இங்க ஒண்ணும் வராதா?" என்று கேட்டார்கள். வராது என்றேன். சாப்பிடும்போது மறுபடியும் அதையே கேட்டார்கள்.

அதனால் ஒன்று கேட்கிறேன், நானா. அங்கே புண்ணுக்கு மருந்து கட்டும் டிரஸ்ஸரிடமோ பெரிய டாக்டரிடமோ சொல்லி, பிரதிகளில் ஒன்றை வெளியே அனுப்ப விடுவார்களா என்று விசாரியுங்கள். மருந்துப் புகை காட்டித்தான் தருவோம் என்றால் காட்டட்டும். தாள் பழுத்தாலும் எழுத்து மங்கினாலும் பரவாயில்லை. எனக்கு என்று கேட்க வேண்டாம், வாப்பா கேட்டதாகவே சொல்லுங்கள்.

உங்கள் கைகளுக்கு அல்லாஹ் சுகத்தைக் கொடுப்பானாக. ஐந்து வேளையும் அதைத்தான் கேட்கிறேன்.

உங்கள் அன்புத் தங்கை,
ரொஸ்னா