வார்னிங் என்று மாற்றிய வரி

சித்திரை, வியாழன் இரவு

வடமதுரை பக்கம் பாண்டியம்மா அக்காவின் கோழிப்பண்ணைக்குப் போய் வந்தேன். நேற்று மதியம் கொட்டகையில் மின்விசிறிகள் நின்றுபோய், பாதிக் கோழிகள் வெக்கையில் செத்துவிட்டன. அக்கா சித்தையன்கோட்டையில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். போன் கையில்தான் இருந்தது, அடிக்கவில்லை.

விசிறிகளைக் கண்காணிக்கும் மென்பொருள் நான் எழுதியது. 'எரர்' என்று பதிவானால்தான் அக்காவின் போன் அடிக்கும்; 'வார்னிங்' என்றால் பதிவில் மட்டும் ஏறும். போன மாதம் கரண்ட் விட்டுவிட்டு வந்தபோதெல்லாம் அடித்து, அவர் தூக்கம் கெட்டது. அதனால் விசிறி நிற்பதை 'வார்னிங்' என்று மாற்றினேன். ஒரு நிமிடம் நிற்பதையும் ஒரேயடியாக நிற்பதையும் பிரித்து எழுதவில்லை.

இன்று பதிவைத் திறந்து காட்டினேன். "விசிறி ஓடவில்லை" என்று நிமிடத்துக்கு ஒரு வரி, நேற்று மதியம் முதல் சாயங்காலம் வரை இருந்தது.

"அப்ப அதுக்குத் தெரிஞ்சிருக்கு. பெறகு ஏந்தாயி எங்கிட்டச் சொல்லல?"

"சொல்ல வேணாம்னு நான்தாங்க்கா வச்சிருந்தேன்."

அவர் திட்டவில்லை. கோழிகளைப் புதைத்த குழிக்கு மண் தள்ளப் போனார். நானும் மண்வெட்டி எடுத்தேன்.

"வெயிலா இருக்கு. நீ போ தாயி, பஸ் போயிரும்" என்றார்.

பஸ்ஸில் உட்கார்ந்து மென்பொருளைத் திருத்தினேன். பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால் எரர். திண்டுக்கல் வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அவ்வளவு சின்ன வேலை.