பருப்பு வேகாத தண்ணீர்

1993, ஐப்பசி கடைசி வெள்ளி, இரவு.

காலையில் அடுப்பில் பருப்பு வேகவே இல்லை. விறகு தீர்ந்தும் கல்லாகக் கிடந்தது. இந்த மழையில் நிறைந்த ஊருணித் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தேன். உப்பு.

மூன்று கோடையாக நாங்கள் பெண்களே தூர்வாரிய ஊருணி. தண்ணீர் சுமக்கத்தான் என்னை ஆறாம் வகுப்போடு நிறுத்தினார்கள். தங்கைக்கும் அப்படி ஆகக் கூடாது என்றுதான் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். யார் முகத்தையும் பார்த்துப் பேசாதவள் நான். இந்தக் கோடையில் அடிக் களிமண் முடிந்து வெள்ளைச் சரளை வந்ததும், மற்றவர்கள் போதும் என்றார்கள். இன்னும் ஒரு முழம் தோண்டினால் பங்குனி வரை தண்ணீர் நிற்கும் என்று சொல்லி நான்தான் தோண்ட வைத்தேன். அந்தச் சரளையில்தான் உப்பு இருந்திருக்கிறது.

சாயங்காலம் எல்லோரும் கரையில் கூடிவிட்டார்கள்.

"ஏத்தா மேஸ்திரி, உப்பளம் வெட்டவா எங்கள மண்ணு சுமக்க வச்ச?" என்றாள் பேச்சி அக்கா. சிலர் சிரித்தார்கள்.

ஓடிவிடலாம் போலிருந்தது. "என் தப்புதான்க்கா. தண்ணி வத்தட்டும். உப்பு ஏறாம அடியில மறுபடி களிமண்ணு போட்டு மிதிக்கணும். நீங்க வராட்டியும் நான் வாரேன்" என்றேன். ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "பழையபடி பக்கத்தூருக் கெணத்துக்குத்தான் நடக்கணும். இனிமே சின்னவ பள்ளிக்கூடம் போக வேணாம்" என்றாள்.

தங்கை என்னைப் பார்த்தாள். நான் அவள் குடத்தை எடுத்து என் குடத்தோடு வைத்துவிட்டு, "ரெண்டு நடையும் நானே போறேம்மா" என்றேன்.